மூன்று மணிக்குக் காற்று

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பத்து வயது மூத்த கணக்கெழுதுபவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். ஆனால் கூடப் பிறந்த உரிமையோடு அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன் ஒருவன்தான் இருந்தான். அந்த அலுவலகத்துக்கு இருந்த ஒரே கப்பலின் கேப்டன் அவன்.

ஒரே கப்பல், அதுவும் பாய்மரக் கப்பல். இந்தக் காலத்தில் பாய் கட்டிச் சரக்கு ஏற்றுகிறேன் என்று கிளம்பிய முதலாளிக்குத் துறைமுகத்தார் 'காத்தாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அப்பா விட்டுப்போன மரக்கடையை விற்றுக் கப்பல் வாங்கிய மனுஷன், ஊர் சிரிப்பதற்கெல்லாம் அசருவாரா? காப்பிக்கொட்டையும் கோகோவும் ஏற்றிவந்து, ஒவ்வொரு மூட்டையிலும் 'ஒரு சொட்டு எண்ணெய் எரிக்காமல் கடல் கடந்தது' என்று சீட்டு ஒட்டி விற்றார். அந்தச் சீட்டுக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். உலகத்தில் எதற்குத்தான் ஆள் இல்லை!

ஆனால் சீட்டை நம்பி எத்தனை நாள் கப்பல் ஓட்டுவது? பெரிய சரக்குக் கப்பல் ஒன்று ஒரே நடையில் கொண்டுவருவதை இது நூறு வருடம் சுமந்தாலும் தீராது. இப்படி ஒரு தொழில் இன்றைக்கு நிற்குமா நிற்காதா என்று அறுபது பக்கத்துக்கு அறிக்கை எழுதியவள் அக்கா. இருபது வருடத்துக் காற்றை எடுத்து, எந்த மாதம் எந்த வழியில் எத்தனை நாள் என்று கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் கையைக் கடித்தது. கடைசியில் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வழி அகப்பட்டது. எஞ்சினையும் எண்ணெய்த் தொட்டியையும் கழற்றிவிட்டால், அந்த இடத்தில் இன்னும் இருபத்திரண்டு டன் வைக்கலாம். வைத்தால் தொழில் நிற்கும். வைக்காவிட்டால் இரண்டே வருடத்தில் படுத்துவிடும்.

தம்பி அதைக் கேட்டபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"எஞ்சின எடுக்க வேண்டாம்கா."

"வருஷத்துக்கு எவ்வளவு நேரம் அத ஓட்டியிருக்க தெரியுமா? சராசரியா பதினோரு மணி நேரம். அதுக்காக இருபத்திரண்டு டன்ன விடச் சொல்றியா?"

"நடுக்கடல்ல எனக்கு எஞ்சின் வேண்டாம். கரைக்குப் பக்கத்துலதான் வேணும். கப்பல் கடல்ல உடையறதவிட கரையில உடையறதுதான்கா ஜாஸ்தி."

"அதுக்குத்தான் டக் போட் இருக்கே."

துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுக்கிற இழுவைப் படகைச் சொன்னாள். அதற்கும் அறிக்கையில் ஒரு வரி இருந்தது.

"ஏட்டுச் சுரைக்கா!" என்று சிரித்தான் தம்பி. சிரித்தானே தவிர, மேற்கொண்டு வாதாடவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவள் போட்ட விடை தப்பாகி அவன் பார்த்ததில்லை.

எஞ்சின் போனது. அதன் பிறகு ஆறு பயணம் சொல்லிவைத்தாற்போல் முடிந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். இரண்டாவது கப்பலுக்குப் பங்கு போட ஒரு கூட்டத்தார் முன்வந்தார்கள், அடுத்த வாரம் கையெழுத்து. அக்காவின் அறிக்கையை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தாள். எட்டு வருட உழைப்பு. கல்யாணம் காட்சி என்று எதற்கும் தலைகாட்டாமல் உழைத்த உழைப்பு.

ஏழாவது பயணத்தில், துறைமுகம் இன்னும் அரை நாள் தூரத்தில் இருந்தபோது, காற்று நின்றது.

காலை பதினொன்று இருபதுக்குத் தம்பி செயற்கைக்கோள் ஃபோனில் கூப்பிட்டான். குரலில் பதற்றம் இல்லை.

"அக்கா, பாயெல்லாம் துணி காயப்போட்ட மாதிரி தொங்குது. நீரோட்டம் முனைப் பாறை பக்கமா தள்ளுது. பாறைக்கு ஆறு மைல் இருக்கு. காத்து எப்ப வரும்?"

நீரோட்டம் மணிக்கு ஒன்றரை மைல். அப்படியானால் நான்கு மணி நேரம். மூன்று இருபதுக்குக் கப்பல் பாறையில். அதை நொடியில் போட்டுவிட்டாள்.

காற்றுக்கு அவளிடம் மூன்று முன்னறிவிப்பு வரும், மூன்று இடத்திலிருந்து. அன்றைக்கு ஒன்று இரண்டு மணி என்றது, ஒன்று மூன்று என்றது, மற்றொன்று நான்கு என்றது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது அவள் வழக்கம். ஆறு பயணமும் அப்படித்தான் கரை சேர்ந்திருந்தன.

"மூணு மணிக்கு," என்றாள்.

நான்கு என்றும் ஒன்று சொல்கிறது என்பதை அவள் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவும் இல்லை. ஒரு கேள்விக்கு மூன்று விடை சொல்லி அவளுக்குப் பழக்கமே கிடையாது.

"மூணுன்னா இருபது நிமிஷம் கையில இருக்கு. போதும். பாய் நிறைஞ்சா திருப்பிடுவேன்."

பதினொன்றே முக்காலுக்கு முதலாளி மேஜையில் ஃபோன் அடித்தது. இழுவைப் படகுக்காரர். அந்த ஆள் பேசினால் அடுத்த அறைக்கும் கேட்கும்.

"என்ன முதலாளி, உங்க கப்பல் முனைக்கு வெளிய அசையாம நிக்குதாமே? ரேடியோவுல கேட்டேன். என் போட் சும்மாதான் கெடக்கு. ரெண்டரை மணி நேரத்துல போய்ச் சேந்துருவேன். வரட்டுமா?"

முதலாளி ஃபோனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தார். ஆபத்தில் இருக்கிற கப்பலைக் காப்பாற்றி இழுத்து வந்தவன், கப்பலிலும் சரக்கிலும் பங்கு கேட்கலாம். அதையாவது எப்படியாவது சமாளிக்கலாம். கரும்புகை கக்கும் படகுக்குப் பின்னால் இந்தக் கப்பல் கயிற்றில் வரும் படம் நாளைக்குப் பத்திரிகையில் வந்தால்? சீட்டும் போச்சு, பங்குக்காரர்களும் போச்சு.

"கணக்கு போட்டது நீதானே? வரச் சொல்லவா, வேண்டாமா? நீ என்ன சொல்றியோ அதான்."

இப்படித்தான் சில பேர், மரியாதை கொடுப்பதுபோல் சுமையை அடுத்தவர் தலையில் இறக்கிவிடுவார்கள். ஆனால் அக்கா ஒன்றும் பச்சைக் குழந்தை அல்ல, அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டவள் அவள்தான். படகை அனுப்பினால் நாற்பத்தோராம் பக்கம் பொய் என்று ஆகிவிடும். அந்த நிமிஷத்தில் இதையும் அவள் நினைத்தாள். நினைக்கவே இல்லை என்று பிற்பாடு தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். நினைத்தது நினைத்ததுதான்.

"வேண்டாம் சார். மூணு வரைக்கும் பாக்கலாம்."

முதலாளி நன்றி சொல்லி ஃபோனை வைத்தார்.

பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. கடலில் அவர்கள் ஏழு பேர். சின்னப் படகை இறக்கி, கப்பலைக் கயிற்றில் கட்டித் துடுப்புப் போட்டு இழுத்துப் பார்த்தார்கள். யானையை நூல் கட்டி இழுத்த கதைதான். "கை கொப்புளிச்சதுதான்கா மிச்சம்," என்றான் தம்பி. கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்காராதே என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள், இந்த அலுவலகத்தில் மட்டும் யாரும் அதைச் சொல்லத் துணிவதில்லை. அன்றைக்குக் கணக்கெழுதுபவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து முதலாளி அவர்மேல் எரிந்து விழுந்தார்.

இரண்டு பத்துக்குப் புது முன்னறிவிப்பு வந்தது. இரண்டு மணி என்றது இப்போது நான்கு என்றது. மூன்று என்றதும் நான்கு என்றது. அக்கா முதலாளியை ஒரு வார்த்தை கேட்காமல் இழுவைப் படகுக்காரரைக் கூப்பிட்டாள்.

"உடனே கெளம்புங்கண்ணே!"

"அப்பவே கேட்டேனேம்மா!" என்று அவர் கத்தினார். கத்தும்போதே பின்னால் அவருடைய எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. "இப்ப கெளம்புனா அஞ்சு மணி ஆயிருமேம்மா!"

அடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "காத்து மூணுக்கு இல்லடா. நாலுக்கு."

அவன் ஃபோனை நகர்த்தி, பாறை இன்னும் எவ்வளவு தூரம் என்று யாரையோ கேட்டான்.

"நாலு நிச்சயமா?"

"நிச்சயம்."

"சரி. நாலு பேர சின்னப் படகுல ஏத்தி வெளிக்கடல் பக்கமா துடுப்பு போடச் சொல்லி அனுப்பிடறேன். நாங்க மூணு பேர் இருக்கோம். பாறைக்குக் கிட்ட ஆழம் கம்மி, நங்கூரம் எட்டும். நாலு வரைக்கும் அது பிடிச்சா போதும்."

"நீயும் படகுல போயிடேன்டா."

"அதான் காத்து வருதுன்னு சொல்றியே."

மூன்றே காலுக்கு நங்கூரம் போட்டார்கள். அது பிடித்துக்கொண்டது. மூன்று இருபது கடந்தது, கப்பல் பாறைக்கு இருநூறு அடியில் நின்றது. மூன்று நாற்பதுக்கும் நின்றது. கணக்கெழுதுபவர் எழுந்துபோய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். அக்கா ஒரு வாய் குடித்தாள். இந்த ஒரு தடவை தப்பித்துவிடட்டும், எஞ்சினை நானே கொண்டுபோய் மாட்டுகிறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

நான்கு மணிக்குக் காற்று வந்தது. அவள் சொன்னபடி, நிமிஷம் பிசகாமல் வந்தது. கடலிலிருந்து நேராகக் கரையைப் பார்த்து வந்தது. ஒரு மணி நேரம் முன்னால், கப்பலைச் சுற்றி இடம் இருந்தபோது வந்திருந்தால், அதே காற்றில் தம்பி கப்பலைத் திருப்பிக்கொண்டு போயிருப்பான். இப்போது திரும்ப இடம் இல்லை. அலை எழும்பியது, நங்கூரம் அடியில் இழுபடத் தொடங்கியது.

"காத்து வந்துருச்சுக்கா," என்றான். பின்னால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "ஃபோன வைக்கிறேன். ரெண்டு கையும் வேணும்."

இழுவைப் படகு ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. சின்னப் படகில் இருந்த நான்கு பேரையும் தூக்கிக்கொண்டது. பாறையில் ஒரு பாய்மரமும் கொஞ்சம் பலகையும் இருந்தன. மூன்று நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் முதலாளி அவளைத் தனியே கூப்பிட்டார். ஆள் பாதியாகி இருந்தார், ஆனால் புத்தி பாதியாகவில்லை.

"டக் போட் கேட்டோம், நேரத்துக்குக் கிடைக்கலன்னு விசாரணையில சொல்லிக்கலாம். படகுக்காரர்கிட்ட பேசிட்டேன், ஒத்துக்கிட்டார். உன் பேரும் வேண்டாம், என் பேரும் வேண்டாம். போனவங்க திரும்பியா வரப்போறாங்க?"

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் தம்பி வீட்டுக்குப் போனாள். முன்னறையில் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி மனைவி அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தலையெழுத்தை எழுதியவன் ஏட்டைக் கெடுத்தாலும் எச்சில் பாத்திரம் அப்படியேதான் கிடக்கிறது.

"வாங்க அண்ணி," என்று ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

"பிள்ளை எங்க?"

"ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன். இங்க இருந்தா வர்றவங்க முகத்தையே பாத்துட்டு நிக்கிறா."

தம்பி மனைவி குழாயில் ஒரு தட்டை அலசிக் கவிழ்த்தாள். பிறகு அவள் திரும்பாமலேயே பேசினாள்.

"முதலாளி வந்திருந்தாரு. டக் போட் கிடைக்கலன்னு சொன்னாரு. நெஜமாவே கிடைக்கலையா அண்ணி?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. என்ன செய்தும் நடந்திருக்காது என்று யாராவது சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தூங்கலாம் என்று கேட்டாள். அக்காவுக்கும் அது புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். விசாரணையோடு இந்த வீடும் பத்திரமாக இருக்கும். அப்படிச் சொல்வது இவளுக்குச் செய்கிற நல்லது என்றுகூடச் சாதித்துவிடலாம்.

"கிடைச்சுது," என்றாள் அக்கா. "அவரே கூப்பிட்டுக் கேட்டாரு. பதினொன்னே முக்காலுக்கு. அப்ப கெளம்பியிருந்தா ரெண்டே காலுக்கெல்லாம் போயிருக்கும்."

"அப்புறம்?"

"வேண்டாம்னு சொல்லிட்டோம்."

"யாரு?"

"நான்."

தம்பி மனைவி குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு, அக்காவை முதல்முறை பார்க்கிறவள்போல் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று அக்கா காத்திருந்தாள். அடித்திருந்தால் தேவலை.

"அன்னிக்கு ரெண்டு மணிக்கு எனக்கும் ஃபோன் பண்ணாரு," என்றாள். "பயப்படாத, அக்கா எல்லாம் பாத்துக்கறான்னு சொன்னாரு."

தம்பி மனைவி சுவர்க்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"ஸ்கூல் விடற நேரமாச்சு. உங்கள பாத்தா அத்தைன்னு ஓடி வந்து மடியில ஏறிக்குவா. அத என்னால பாத்துட்டு இருக்க முடியாது. அவ வர்றதுக்குள்ள போயிடுங்க அண்ணி."