முன்னறையும் பழைய கார்ட்டின் மிச்சமும்

மன நிம்மதிக்கு என்ன விலை என்று கற்பிட்டியில் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஜவாஹிர் சொல்லியிருப்பான்: இருபத்தாறாயிரம். கொழும்புக்காரன் முதலில் சொன்னது முப்பது. போனிலேயே மல்லுக்கட்டி நாலாயிரம் குறைத்தான். கம்ப்யூட்டர் திரையில் படம் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்ட், பாவித்ததுதான், ஆனாலும் நல்ல சாமான். கலியாண வீடியோ வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவனுக்கு அதைவிட நிம்மதி வேறென்ன?

பழைய கார்ட்டைக் கழற்றிப் புதியதைச் செருகினான். கார்ட்டைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தி வைக்கிற டிரைவர் மென்பொருளையும் புதிதாக ஏற்றினான். பழைய டிரைவரை மட்டும் தொடவில்லை. "இரிக்கிறது இருந்திட்டுப் போகட்டும், சோறா கேக்குது?" என்பது அவனுடைய கொள்கை.

மாமியாரின் முன்னறையில் அவன் இருந்ததும் அதே கொள்கையில்தான். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். அடுத்த மகளுக்குக் கலியாணம் கூடிவந்தால் மூத்தவள் குடும்பம் வேறு வீட்டுக்கு மாறும். ஜவாஹிருக்கும் பின் ஒழுங்கைச் சந்தில் வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. கட்டில் போனது, குசினிச் சாமான் போனது, பெண்சாதி மர்ளியாவும் போனாள். கம்ப்யூட்டர், மேசை, அலுமாரி, கடற்காற்று வருகிற ஜன்னலடிக் கதிரை, ஜவாஹிரின் பகல் சாப்பாடு ஆகியவை மட்டும் போகவில்லை. கலியாணமாகி மூன்று கிழமையான இளைய மருமகன் மின்ஹாஜ், புதுச் சட்டைகளைப் பெட்டியை விட்டு எடுக்காமல், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாமானறையில் குடித்தனம் நடத்தினான்.

இப்போது வெட்டிக்கொண்டிருந்ததும் மின்ஹாஜின் கலியாண வீடியோதான். அன்று இரண்டு மணி வான் வண்டியில் ஏர்போர்ட் போய் அவனுடைய தாய்மாமன் கட்டாருக்குப் புறப்படுகிறார். வீடியோவைக் கையில் கொடுத்தனுப்புவதாக மாமியார் பளீலா சம்பந்தி வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் மாப்பிள்ளைக் கார் வாசலில் வந்து நிற்கும், கதவு திறக்கும், மின்ஹாஜ் ஒரு காலை வெளியே வைப்பான், திரை கறுத்துவிடும். திரும்ப ஓட்டினாலும் அதே கால், அதே கறுப்பு.

பளீலா கதவடியில் வந்து நின்றார். "மருமகன், காலையிலிருந்து பார்க்கிறேன். பிள்ளை கார்லயே இரிக்கிறார். வீட்டுக்குள்ள எப்ப வாற?"

"கரண்ட் சரியில்ல மாமி."

"கரண்ட் சரியாத்தான் இரிக்குது. ரெண்டு மணிக்கு வீடியோ கையில இல்லாட்டி சம்பந்தி வீட்டுக்கு முன்னால எனக்கு முகமில்ல. எனக்கு முகமில்லாட்டி உங்களுக்கு இந்த அறையும் இல்ல."

ஜவாஹிர் கொழும்புக்காரனுக்குப் போன் எடுத்தான். விற்றவன் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மின்ஹாஜ் தேத்தண்ணியோடு வந்தான்.

"பழைய டிரைவரைக் கழட்டினீங்களா நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

"அது ஒரு மூலையில கிடக்குது. சோறா கேக்குது?"

"சோறு கேக்கல்ல. புது ஆள் வேலையத் தொடுற நேரமெல்லாம் அதுவும் கை வைக்குது."

கதவடியில் மாமியார் இருமினார். அது இருமல்தானா என்று ஜவாஹிருக்குச் சந்தேகம்.

"உங்களுக்குக் கழட்ட ஏலுமா?"

"ஏலும்."

"என்ன வேணும்?"

மின்ஹாஜின் குடும்பம் புத்தளம் டவுனில் புடவைக்கடைக் குடும்பம். விலையை முதலில் வாய்விட்டுச் சொல்கிற இரத்தம் அல்ல. அவன் ஜன்னலைப் பார்த்தான். "நல்ல காத்து நானா."

ஜவாஹிருக்கு விளங்கிவிட்டது. "அரைவாசி அறை தாறேன். ஜன்னல் என்ட பக்கம்."

"காத்தை எப்படி நானா ரெண்டா வெட்டுற?"

"சரி, முழு அறை. மேசை மட்டும் இருக்கட்டும்."

மின்ஹாஜ் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். பேரத்தில் அதைவிடப் பெரிய பேச்சு இல்லை.

"மேசையும் போகுது," என்றான் ஜவாஹிர்.

மின்ஹாஜ் முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான். "இல்லாட்டி இதுவே பழசைத் தேடிப் பிடிச்சு திரும்பக் கூட்டி வந்திரும்." பிறகு கம்ப்யூட்டரை சேஃப் மோடில் எழுப்பினான். எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவில் வந்து நின்றது.

"யா அல்லாஹ், போச்சா?"

"இல்ல நானா. குறைஞ்ச உடுப்போட நிக்குது, அவ்வளவுதான்."

மறைந்து கிடப்பவற்றைக் காட்டச் சொன்னதும், என்றைக்கோ செருகிய பிரிண்டர், யாரோ கொண்டுபோன போன், உடைந்துபோன கேமரா என்று பெயர்கள் வெளிறி வரிசைகட்டின. நடுவில் பழைய கார்ட்டின் பெயர். அதன் டிரைவரையும் சேர்த்து அழிப்பதா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்டது.

"சும்மா கழட்டினாக் காணாதா? அந்தக் கட்டத்துக்கும் சரி போடத்தான் வேணுமா?"

"போடாட்டி பேர் மட்டும்தான் போகும். ஆள் இருப்பார்."

ஜவாஹிர் ஒரு தரம் தன் கதிரையைப் பார்த்தான். பிறகு தன் கையாலேயே சரி போட்டான்.

கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பிப் புது டிரைவரைத் திரும்ப ஏற்றி, வீடியோவை ஓடவிட்டார்கள். கார் வந்தது, கதவு திறந்தது. மின்ஹாஜ் ஒரு காலை வைத்தான். மூவரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். மற்றக் காலையும் வைத்தான். நடந்து வாசற்படி ஏறினான்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பளீலா, "மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திட்டார்."

வான் புறப்படும் முன்பே வீடியோ தாய்மாமனின் சட்டைப் பைக்குள் போய்விட்டது. ஜவாஹிரும் பேசின பேச்சை மாற்றுகிறவன் அல்ல. அன்று பின்னேரமே த்ரீவீல் பிடித்தான். அலுமாரியை மட்டும் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கியபோது மாமியார் பிடித்துக்கொண்டார்.

"மருமகன், அலுமாரி?"

"இருக்கட்டும் மாமி. சோறா கேக்குது?"

"அது கேக்காது. நாளைக்குப் பகல் அதைப் பார்க்க வாற ஆள் கேப்பார்."

பின் ஒழுங்கை வீட்டு வாசலில் மர்ளியா சாமான்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணி இறக்கினாள். "மேசை வந்திட்டு. கம்ப்யூட்டர் வந்திட்டு. கதிரை வந்திட்டு. கடைசில நீங்களும் வந்திட்டீங்க. அலுமாரி?"

"பாக்கி," என்றான் ஜவாஹிர்.

அந்தப் பாக்கிக்கு உள்ளே, மேல்தட்டில், பத்திரிகைத் தாளில் பத்திரமாகச் சுற்றி வைத்த அந்தப் பழைய கார்ட்டும் பாக்கி.