கரும்புக் கொல்லையில் ஒரு மறைப்பு

களை எடுக்கப் போகும் நாட்களில் ராஜாம்பாள் தண்ணீர் குடிப்பதில்லை. இளங்கரும்பு முழங்கால் உயரம்கூட இருக்காது. பக்கத்திலேயே திருநாவலூர் ரோடு, எந்நேரமும் ஆள் நடமாட்டம். ஒதுங்க இடமில்லை. காலையில் குடிக்கும் கஞ்சியோடு சரி.

நீர்க்கடுப்பு வந்தபோது உடம்புச் சூடு என்று நினைத்துத் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டாள். பிறகு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாள். அடங்கவில்லை. ஒருநாள் கொல்லையிலேயே குளிர் தூக்கிப்போட்டது. வாந்தியெடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்த கலையரசிதான் ஷேர் ஆட்டோவில் ஏற்றி, உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்த்தாள். ராஜாம்பாளின் கணவன் வீரமுத்து பின்னாலேயே பஸ் பிடித்து வந்தான்.

இரண்டொரு நாளில் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா கட்டிலருகே நின்று சொன்னார்: "ஈ கோலைன்னு ஒரு கிருமிம்மா. குடல்ல இருக்கறது, மூத்திரப் பையில பூந்து கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. நீங்க போட்ட மாத்திரைக்கு அது அடங்காது. ஊசிதான். தண்ணி நல்லா குடிப்பீங்களா?"

ராஜாம்பாள் கணவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"குடிச்சா போவணுமேங்க. கொல்லில எங்க போறது?"

"அடக்கி வெச்சா கிருமி உள்ளயே தங்கிப் பெருகும்மா," என்றார் டாக்டரம்மா.

அவர் போன பிறகு வீரமுத்து கட்டிலோரம் உட்கார்ந்தான். அவனும் அதே கொல்லைகளில் வேலை செய்தவன்தான். வரப்போரம் திரும்பி நின்றால் அவனுக்கு முடிந்தது.

"இத்தினி வருசமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இத இன்னான்னு சொல்றது?" என்றாள் அவள்.

ஊசியில் காய்ச்சல் இறங்கியது. வீடு திரும்பி, உடம்பு தேறி, மறுபடி வேலைக்குப் போனபோது வீரமுத்து சவுக்குக் கழிகளோடு முன்னால் நடந்தான். கொல்லை மூலையில் நான்கை நட்டு, உரச் சாக்குகளைத் தைத்துச் சுற்றிக் கட்டினான்.

"ஊரே பாக்குது. மானம் போவுது, அவுத்துடு," என்று ராஜாம்பாள் பல்லைக் கடித்தாள்.

"இருக்கட்டும்க்கா," என்ற கலையரசி, களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கொல்லைக்காரர் வந்து பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

அங்கே களையெடுப்பு முடிந்து வேறு கொல்லைக்குப் போன அன்று வீரமுத்து கூட இல்லை. பெண்களே கழிகளைப் பிடுங்கிச் சாக்கோடு சுருட்டித் தூக்கிக்கொண்டார்கள். ஒரு முனையை ராஜாம்பாள் பிடித்திருந்தாள்.