பெரியவன் அனுப்பிய டேப்லெட்

பார்சலைப் பிரிக்கும்போதே அண்ணனுக்கும் தங்கைக்கும் முட்டிக்கொண்டது.

"கத்திரிக்கோல உள்ள விடாத, ஸ்கிரீன்ல கீறல் விழுந்துடும். மெதுவா! உனக்கு எதையுமே மெதுவாச் செய்ய வராதா?" என்று பெரியவன் வீடியோ காலில் அதட்டினான். இரண்டு விமானம் மாறிப் போகவேண்டிய தூரத்தில் இருந்தான். அதட்டல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கணீரென்று வந்தது.

"நாள் முழுக்க மெழுகுல பல்லு செதுக்குறவ நான். எனக்குக் கத்திரிக்கோல் பிடிக்கக் கத்துக்குடுக்காத," என்றாள் சின்னவள். பல் செட் செய்யும் லேபில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறாள்.

கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த அவர்களுடைய அப்பா, மகன் பக்கம் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார். மீதி வாய் எட்டு மாதமாக அசையவில்லை. கட்டட மேஸ்திரியாக இருந்தவர். தரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் மூன்றாவது மாடியில் பூசுகிறவன் கரண்டியை நழுவவிடுவான். பக்கவாதம் வலது கையோடு அந்தக் குரலையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாதான் வழி சொன்னார். படத்தைத் தொட்டால் டேப்லெட்டே அதைத் தமிழில் பேசும். அதற்கென்று ஓர் ஆப் இருக்கிறது. இடது கையாலேயே பழகிக்கொள்ளலாம். சின்னவள் அன்றைக்கே லேபுக்கு எதிரிலிருந்த கடையில் ஒன்றைப் பார்த்து வைத்தாள். மரியாதைக்கு அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

"அங்க விக்கிறதெல்லாம் வெறும் டப்பா. அப்பாவுக்கு நான் அனுப்புறேன். நீ பேசாம இரு."

மேஸ்திரி இடது கைக் கட்டைவிரலை உயர்த்தினார். அதோடு பேச்சு முடிந்தது. பார்சல் வந்து சேர ஆறு வாரம் ஆனது.

இப்போது பிரித்துப் பார்த்தால் பெட்டி இல்லை, பில் இல்லை. ஒரு பழைய துண்டில் சுற்றியிருந்தது. சார்ஜரின் பின் இங்குள்ள சுவரில் நுழையவில்லை.

"பெட்டி எங்க?"

"சுங்கத்துல பிடிச்சிடுவாங்கன்னு தூக்கிப் போட்டுட்டேன். பெட்டியா அப்பாவப் பேசவைக்கப் போகுது?"

மேஸ்திரி டேப்லெட்டை மடியில் வாங்கிக்கொண்டார். மகன் வீட்டுப் பிள்ளைகளின் படங்கள் அதில் ஏற்கெனவே இருந்தன. அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்ததில் சின்னவள் அங்கே இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

ஆப் இறங்கவில்லை. தேடினால் 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வந்தது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இந்த ஊர்க்காரர்கள் செய்த ஆப்பைத் தேடினால் இப்படி ஒரு பதில். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் காரணம் பிடிபட்டது. டேப்லெட் பெரியவனின் கணக்கில் ஓடியது. கணக்கு அவன் நாட்டில் பதிவானது. அது அவன் நாட்டு ஆப் கடையைத்தான் திறந்து காட்டும்.

"உன் பாஸ்வேர்ட் குடு. நாட்ட மாத்திட்டுத் திருப்பிப் போட்டுடறேன்," என்று கேட்டாள்.

"என் பாஸ்வேர்ட் உனக்கு எதுக்கு? அதுல என் பேங்க் வரைக்கும் இருக்கு."

"அப்போ நீயே மாத்து."

"எனக்கு ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. ஞாயித்துக்கிழமை பாக்கலாம்."

இரண்டு ஞாயிறு போயின. சின்னவள் அரை நாள் லீவு போட்டு அந்த டேப்லெட் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனாள். டோக்கன் எடுத்து, கண்ணாடி மேசை முன்னால் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் டேப்லெட்டைத் திருப்பிப் பின்பக்க எண்ணைப் பார்த்த உடனே முகத்தைச் சுளித்தாள்.

"இது இந்த நாட்டுக்கு வந்த மாடலே இல்ல மேடம். வாங்கின நாட்லதான் காட்டணும்."

"ரிப்பேர் இல்லைங்க. கணக்க மாத்தணும், அவ்வளவுதான்."

"பில் இருக்கா?"

"இல்ல."

"பில் இல்லாம நாங்க கை வைக்க முடியாது. அடுத்த டோக்கன்!"

வாசலில் நின்றே அண்ணனுக்குப் போன் போட்டாள். பில் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் சீறினான். "பில்லா? நீ என்ன போலீஸா? ஆசையா ஒண்ணு அனுப்பினா ஆயிரம் கேள்வி."

கடைசியில் சந்தைத் தெருவில் செல்போன் பழுது பார்க்கும் ஒருவரிடம் போனாள். நெற்றியில் எப்போதும் ஒரு லென்ஸ் மாட்டியிருப்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். ஆள் கெட்டிக்காரர், வாய்தான் விஷம். அவள் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

"இதுக்குப் போயா மூணு வாரம் அலைஞ்சீங்க? படத்த எல்லாம் உங்க போன்ல ஏத்திக்குங்க. சுத்தமா அழிச்சிட்டு இந்த ஊர்க் கணக்குல புதுசாப் போட்டா முடிஞ்சுது. அழிக்கறதுக்கு அண்ணன ஒரு தடவ பாஸ்வேர்ட் போட்டு விடச் சொல்லுங்க."

பெரியவன் போனை எடுக்கவில்லை. அண்ணி எடுத்தாள். விவரம் கேட்டவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, அவன் பாஸ்வேர்டைத் தானே அங்கிருந்து போட்டு, கணக்கை அதிலிருந்து கழற்றிவிட்டாள். பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் அழித்தார். டேப்லெட் செத்துப் பிழைத்து, மொழி கேட்டது, நாடு கேட்டது, வைஃபை கேட்டது. வைஃபையில் இணைத்தார். ஒரு சக்கரம் சுற்றியது. பிறகு வெள்ளைத் திரையில் ஒரு கம்பெனியின் பெயர் வந்து நின்றது. கீழே நாலு வரி: இந்தச் சாதனம் எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஊழியர் எண்ணைக் கொடுத்து உள்ளே வரவும். கண்டெடுத்தவர்கள் இந்த முகவரிக்கு எழுதவும்.

பூதக்கண்ணாடி லென்ஸை நெற்றிக்குத் தள்ளினார். டேப்லெட்டை ஒரே விரலால் மேசை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"எடுத்துட்டுப் போங்க. திருட்டு மால நான் தொடறதில்ல."

"வார்த்தைய அளந்து பேசுங்க. எங்க அண்ணன் அனுப்பினது."

"வர்றவங்க எல்லாரும் அண்ணன், மச்சான், சித்தப்பான்னுதான் சொல்றாங்க. நேத்துகூட ஒருத்தருக்கு மாமனார் அனுப்பியிருந்தாரு."

கடையில் இருந்த நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி லேபுக்குப் பல் அளவு கொடுக்க வந்து போனவள். சின்னவளுக்குக் காது மடல் சுட்டது. டேப்லெட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கியவள், வீடுவரை நடந்தே போனாள்.

அப்பாவின் கட்டிலருகே நின்றுதான் பெரியவனைக் கூப்பிட்டாள், ஸ்பீக்கரில் போட்டு. இந்த முறை எடுத்தான்.

"யாரக் கேட்டு அழிச்ச?" என்பதுதான் அவன் முதல் வார்த்தை.

"அழிச்சா என்ன வரும்னு உனக்குத் தெரியும், இல்ல?"

"முதல்ல நெட்டே குடுக்காம, அந்தத் திரை வராதபடி செட் பண்ணி வச்சிருந்தேன். நீ கை வைக்காம இருந்திருந்தா அது பாட்டுக்கு ஓடியிருக்கும். சொன்னா கேக்கற ஜென்மமா நீ?"

"ஆபீஸ் சாமான எதுக்கு அனுப்பின? நாளைக்கே ஆபீஸ்ல கேட்டு விடுவிச்சுக் குடு."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் உடைந்து வந்தது. "இன்னும் எத்தனை நாள்தான் நடிப்பீங்க? வேலையே இல்லன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"நீ வாய மூடு!" என்று அவன் அந்தப் பக்கம் கத்தினான். பிறகு இந்தப் பக்கம் கத்தினான். "ஆமாடி, அனுப்பிட்டாங்க. ஏழு மாசம் ஆச்சு. இப்ப குளிர்ந்துச்சா உனக்கு? என்னைக் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளினானுங்க. அதுக்கு இந்த டேப்லெட் எல்லாம் சுண்டைக்காய்."

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கண் கலங்கும் என்று நினைத்தாள். இடது கை பக்கத்து ஸ்டூலில் துழாவியது. தண்ணீர் டம்ளர் பறந்து வந்து அவள் தோளில் பட்டது. போனிலிருந்த மகன் மேல் எறிய முடியாததை எதிரில் நின்ற மகள் மேல் எறிந்தாரா, அல்லது அவளுக்கென்றே எறிந்தாரா, அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் லேபுக்கு எதிர்க் கடையில், முதலில் பார்த்து வைத்திருந்த அதே டேப்லெட்டை வாங்கினாள். பத்து நிமிடத்தில் ஆப் இறங்கியது. கட்டிலில் கொண்டுபோய் வைத்தாள். மேஸ்திரி அதைப் போர்வையோடு சேர்த்துக் கீழே தள்ளினார். தினமும் வைத்தாள், தினமும் தள்ளினார். டாக்டரம்மா வந்து கெஞ்சியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கு வேண்டியது மகன் அனுப்பியது.

அதனால் அவள் அந்தக் கம்பெனிக்கு எழுதினாள். பக்கவாதம் வந்த ஒருவருக்குத் தேவை, வெளிநாட்டிலிருந்து வந்தது, பூட்டை எடுத்துவிட முடியுமா என்று, பின்பக்க எண்ணையும் போட்டு, லேபின் மெயிலிலிருந்து அனுப்பினாள். யார் அனுப்பியது என்று எழுதவில்லை, எழுதத் தோன்றவில்லை. மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது. இந்தச் சாதனம் ரயிலில் திருடுபோனதாக எங்கள் முன்னாள் ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். உங்களிடம் யார் மூலம் வந்தது? தயவுசெய்து பெயரைத் தெரிவிக்கவும்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். அடுத்த பத்தாவது நிமிடம் அத்தை, அப்பாவின் தங்கை, போனில் வந்தாள்.

"ஏண்டி, அண்ணன் ஆசையா அனுப்பினத நோண்டி நோண்டிக் கெடுத்துட்டியாமே? அங்க அவன் சாப்பிடாம அழறான். அப்பாவ வச்சுக் காப்பாத்தறோங்கற திமிரா உனக்கு?"

சின்னவள் போனை வைத்துவிட்டு, பல் செட் தேய்க்கும் மெஷினை அணைத்துவிட்டு, லேபின் பின்வாசலுக்குப் போனாள். அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அத்தைகிட்ட என்ன சொன்ன?"

"உண்மையத்தான் சொன்னேன். நீ கெடுத்துட்டேன்னு."

"ரயில்ல திருடு போச்சுன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்தியே, அதையும் சொன்னியா?"

அவள் மெயிலை அப்படியே வாசித்துக் காட்டினாள். அதட்டிக்கொண்டே இருந்த குரல் சட்டென்று குழைந்தது.

"வேற ஒரு இடத்துல இன்டர்வியூ முடிஞ்சிருக்கு. அவங்க பழைய கம்பெனியக் கேப்பாங்க. பேரு போச்சுன்னா விசாவும் போச்சு. புரிஞ்சுக்கோ. நீ என் தங்கச்சி இல்லையா?"

"இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்று கட் செய்தாள்.

பிறகு பதில் மெயிலைத் திறந்து அவன் பெயரை எழுதினாள். முழுப்பெயர், அப்பா பெயரோடு. பார்த்துக்கொண்டே நின்றாள். பற்களைத் தேய்த்த தூள் விரல்களில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அண்ணியையும் பிள்ளைகளையும் நினைத்து அழித்ததாகப் பின்னால் டாக்டரம்மாவிடம் சொன்னாள். அது முழு உண்மை இல்லை. பெயரை அனுப்பிவிட்டால் அவனைத் திட்டும் உரிமை தன் கையைவிட்டுப் போய்விடும் என்று அந்த நேரத்தில் அவளுக்குப் பட்டது. சந்தையில் முகம் தெரியாத ஒருவரிடம் வாங்கினேன், திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதினாள். வாழ்க்கையில் ஒரு குண்டூசியைக்கூடத் திருடாதவள், திருட்டுப் பொருள் வாங்கியவளாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

அன்று மாலையே அதே பழைய துண்டில் சுற்றி கூரியரில் போட்டாள். பெரியவனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ்: "உன் பேரச் சொல்லல. தேங்க்ஸ் எல்லாம் சொல்லி என்ன அசிங்கப்படுத்தாத. அப்பாகிட்டப் பேசணும்னா காலைல பேசு, நான் வேலைக்குப் போனப்புறம்."

அவன் தேங்க்ஸ் சொல்லவில்லை. இரண்டு நீல டிக் மட்டும் விழுந்தது. புது வேலை கிடைத்ததை அண்ணி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

மேஸ்திரியிடமும் ஒளிக்கவில்லை. "உங்க பையன் அனுப்பினது போயிடுச்சு. நான்தான் அனுப்பினேன். எறியறதுக்கு டம்ளர் வேணுமா?" என்று ஸ்டூலைக் கிட்டே தள்ளினாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து நாள் அப்படியே கிடந்தார்.

ஆறாவது நாள் அவள் சமையலறையில் இருக்கும்போது உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. வாசிப்பதுபோல், ஏற்ற இறக்கம் இல்லாமல், "வேண்டாம்" என்றது. அவள் ஓடினாள். மேஸ்திரி புது டேப்லெட்டை வயிற்றில் சாய்த்து வைத்திருந்தார். சவுண்டைக் கூட்டும் பொத்தானை அதற்குள் கண்டுபிடித்திருந்தார்.

"வேண்டாம். வேண்டாம். போ."

"எங்க போறது? என் வீடு இது."

"போ. போ. போ."

"நான் போனா உங்கள யாரு பாப்பா? அவனா?"

அவர் தேடினார். பழகாத இடது விரல் தப்பான படங்களில் எல்லாம் விழுந்தது. "தலையணை," என்றது டேப்லெட். "சீப்பு." அவருக்கு ஆத்திரம் வந்து மறுபடி அழுத்தினார். "கோபம்."

"கோபம்னா யார் மேல? என் மேலயா, அவன் மேலயா? சொல்லுங்க, அதுக்குத்தான வாங்கினது!"

அவள் குரல் தெருவரை கேட்டிருக்கும். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு 'நான்' என்ற படத்தைத் தொட்டார். மறுபடி 'கோபம்'. மறுபடி 'நான்'. தன் மேலா, தான் கோபமாக இருக்கிறேன் என்பதா என்று ஆப்பில் பிரித்துச் சொல்ல வழியில்லை. அவள் கேட்கவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சரி, மேல சொல்லுங்க," என்றாள்.

மேஸ்திரி சவுண்டை இன்னும் ஒரு கட்டை கூட்டினார்.