எர்லீனின் தொப்பியும் எசேக்கியேலின் ஜன்னலும்

தோட்டத்தில் நடக்க வேண்டிய கல்யாணம். மிசிசிப்பி மழைக்கு அதெல்லாம் தெரியுமா? கொட்டித் தீர்த்துவிட்டது. மணப்பெண் ஜெனிவாவும் மாப்பிள்ளை டெஸ்மண்டும் விருந்தாளிகளும் ஈரக்கோழிகளாய் பெல்மோர் மாளிகையின் தூண்களுக்கு நடுவே ஒண்டினார்கள். வீட்டுக்காரர் வாட்லி, இதைக் கட்டிய முதலாளியின் கொள்ளுப்பேரன், கூடத்திலேயே நடத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஜெனிவாவின் அம்மா எர்லீன்தான் அசையவில்லை. தலையில் ஆரஞ்சுத் தொப்பி, அதில் அரைத் தோட்டத்துப் பூ.

"முன்வாசல்ல காலை வைக்கமாட்டேன். நம்ம ஆளுங்களை அடிமையா வச்சிருந்தவன் ஏறி இறங்கின படி அது."

"சரிம்மா, பின்வாசல்?"

"நம்மளை அது வழியாத்தான விட்டான்? செத்தாலும் மாட்டேன்."

அம்மா பக்கத்தில் இல்லாமல் ஜெனிவா மோதிரம் மாற்றமாட்டாள். அழுகை முட்டியது, கூடவே சிரிப்பும். சுற்றுலாப் பயணிகளுக்கு இந்த வீட்டைச் சுற்றிக்காட்டுவதுதான் அவள் பிழைப்பு. தூண்கள் பளிங்கு அல்ல, செங்கல்மேல் பூசிய சுண்ணாம்பு. ஓக் கதவும் ஓக் அல்ல, மட்டமரத்தில் தூரிகை வரைந்த பொய். பொய்யில்லாதவை ஜன்னல்கள்தான், தன் பாட்டனுக்குப் பாட்டன் எசேக்கியேல் அடிமையாய் இருந்து இழைத்தவை என்று தினமும் சொல்வாள். ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாய் எழும் மூன்று கண்ணாடிச் சட்டங்கள். மேலே தூக்கினால் ஆளே நடந்து போகலாம்.

"அம்மா! ஜன்னல் வழியா வரமாட்டேன்னு நீ சொல்லலையே?"

எர்லீன் யோசித்தாள். "சொல்லலை."

டெஸ்மண்ட் தூக்கினான். பழைய பெயிண்ட் பிடித்துக்கொண்டு சட்டம் நெஞ்சளவில் நின்றுவிட்டது.

"தொப்பியைக் கழட்டிட்டுக் கொஞ்சம் குனிங்க அத்தே."

"சர்ச் தொப்பியைக் கழட்டச் சொல்ற முதல் மருமகன் நீதான்டா! குனியவும் மாட்டேன். இந்த வீட்டுல நம்மாளுங்க குனிஞ்சது போதும்."

கெக்கலித்துக்கொண்டிருந்த கூட்டம் ஜன்னலைச் சூழ்ந்தது. பிறகு பாதிரியார் கோட்டைக் கழற்றினார். சித்தப்பாக்கள் தோள் கொடுத்தார்கள். "ஏலே, ஒண்ணா தூக்குங்கடா!" சட்டம் முனகியது, திமிறியது, சர்ரென்று உச்சிக்கு ஏறியது. எர்லீன் பூ ஒன்றுகூடக் கசங்காமல் நிமிர்ந்து உள்ளே நடந்தாள். ஜெனிவாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த நிமிடம் முன்கதவின் கைப்பிடி உள்ளிருந்து திரும்பியது. கதவை விரியத் திறந்து எர்லீன் நின்றாள்.

"ஏன் நனைஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க? உள்ள வாங்க எல்லாரும்!"

வாட்லி தயங்கிப் பின்னால் ஒதுங்கினார்.

"நீங்களுந்தான் வாட்லி சார். ஷூவை மட்டும் தொடச்சிட்டு வாங்க."

அவர் இரண்டு ஷூவையும் துடைத்துக்கொண்டார்.