ரெங்கசாமி கடையில் பூமி

பாடப்புத்தகத்தில் சூரிய குடும்பப் படத்தைப் போட்டவன் மட்டும் என் கையில் கிடைத்தால், பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் அவனை நடக்கவிட்டே ஒரு வழி பண்ணியிருப்பேன். ஒன்பது கோள்களையும் இட்லித் தட்டில் வைத்த மாதிரி ஒட்டி ஒட்டி வைத்திருந்தான். அதைப் பார்த்து வளர்ந்த என் ஒன்றாம் படிவத்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், செவ்வாய்க்குப் போவது பக்கத்து ஊர்க் கிள்ளானுக்கு பஸ் ஏறுவது போலத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கத்தான் சம்பளம். அதனால் 1987-இல் ஒரு சனிக்கிழமை அவர்களைத் தெருவில் நடத்திக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். பள்ளி வாசலில் ஒன்றரை அடிப் பித்தளைத் தட்டு சூரியன். அந்தக் கணக்குக்குப் பூமி வெறும் மிளகு. அது நூற்று அறுபது அடி தள்ளி, ரெங்கசாமியின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில். அதற்கு முன்னால் பூக்கடையில் வெள்ளி, அதுவும் மிளகுதான். அப்புறம் தையல் கடையில் செவ்வாய், ஒரு கடுகு. நடுவில் எல்லாம் வெறும் வெளி. அதுதான் பாடமே.

தலைமையாசிரியர் கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருக்காத்தான் விடுவன், டீச்சர். கூத்தாப் போச்செண்டா பிறகு எண்டைக்கும் கரும்பலகைதான்."

முந்தின நாள் மிளகையும் கடுகையும் சின்னத் தட்டுகளில் ஒட்டிக் கடைகளில் கொடுத்தேன். திரும்பும்போது எதிர்வரிசையில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் தம்புசாமி கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லையா, டீச்சர்? அந்தாளு வேணாம்னு சொன்னாரா?"

அந்தாள் என்றால் ரெங்கசாமி. அவர் தன் மகள் கல்யாணத்துக்குக் குளுகுளு ஏர்கோன் சலூனில் போய் முடி வெட்டிக்கொண்டு வந்த குற்றத்துக்காக இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. தம்புசாமி தேநீருக்கு அடுத்த தெருவுக்குப் போனார். எதிர்க்கடை கண்ணில் படக்கூடாதென்று நாற்காலியைக்கூடத் தெருவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டிருந்தார்.

"கோளெல்லாம் அந்த வரிசையில போகுதுண்ணே. இங்க வெறும் வெளிதான்."

"அப்ப நான் ஒண்ணுமில்லாத எடம்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். அறிவியல்படி நான் சொன்னது சரி. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலை முப்பத்து நான்கு பிள்ளைகளோடும் தலைமையாசிரியரோடும் சூரியனிலிருந்து கிளம்பினோம். பூக்கடையில் மிளகைக் காணோம், தேங்காய் தொங்கியது. ரெங்கசாமி கடை வாசலில் முக்காலி மேல் ஓரடிக்கு ஒரு தர்பூசணி, மாலை போட்டு, குங்குமம் வைத்து. அந்தப் பக்கம் தையல்காரர் பூசணிக்காய்க்குச் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்.

"என் மிளகு எங்கண்ணே?"

"கஸ்டமரெல்லாம் சிரிக்கிறான் லா, டீச்சர். பொங்கல்ல கெடந்தா எல ஓரமா ஒதுக்குற சாமான். பூமாதேவிய அப்படியா வைக்கிறது? நான் மாத்துனதப் பாத்துத்தான் அவங்களும் மாத்திட்டாங்க."

பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். கார்த்திகேசு கடிகாரத்தைப் பார்த்தார். கரும்பலகையின் சுண்ணாம்பு வாசனை எனக்கு அங்கேயே அடித்தது. கோபம் தலைக்கேறிவிட்டது.

"இது பூமின்னா சூரியன் எங்க இருக்கணும் தெரியுமா? பத்து மாடி உயரத்துக்கு, பங்சாரையும் தாண்டி! இந்தத் தெருவுல வேற கோளுக்கே எடமில்ல. பூக்கடை காலி, தையக்கடை காலி! இவ்வளவு பெரிய பூமிக்குப் பக்கத்துல இருக்கக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான்..."

வாய் நின்றுவிட்டது. நிலா. பூமியில் கால்வாசி அகலம். தூரம், பூமியைப் போல முப்பது மடங்கு. ஓரடித் தர்பூசணிக்கு முப்பதடி.

தூரம் காட்டக் கொண்டுவந்த கயிற்றில் முப்பதடி அளந்து, ஒரு நுனியைத் தர்பூசணி அருகில் பிடித்துக்கொண்டு, மறு நுனியை முன்னால் நின்ற மாணவி சந்திரகலாவிடம் கொடுத்துத் தெருவின் குறுக்கே அனுப்பினேன். மினி பஸ்காரன் ஹாரனை அழுத்தித் திட்டினான். கயிறு போய் முடிந்த இடம் தம்புசாமியின் படிக்கட்டு.

ரெங்கசாமியின் கல்லாவில் இருந்த சின்ன ஆரஞ்சுப் பழத்தைக் கேட்காமலே எடுத்துப்போய்த் தம்புசாமி கையில் வைத்தேன்.

"நீங்கதான் நிலா."

"நான் போயி அந்தாளச் சுத்தணுமா?"

"பின்ன, நானா ஒன்னச் சுத்துறது?" என்று எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது. இரண்டு வருடத்தில் முதல் பேச்சு.

கார்த்திகேசு சட்டென்று பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "நிலவு சுத்தேக்க எந்தப் பக்கம் பாக்கும்? ஆர் சொல்லுவியள்?"

"பூமியத்தான் சார்" என்றாள் சந்திரகலா. "எப்பவும் ஒரே பக்கத்தத்தான் காட்டும். பூமிக்கு முதுகக் காட்டவே காட்டாது."

பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பதில்தான். தம்புசாமி திரும்பித் தன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு ஆரஞ்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரெங்கசாமியைப் பார்த்தபடியே, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தார். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கூட நகர்ந்தார்கள். இந்த முறை மினி பஸ் தானாக நின்றது.

கால் வட்டம் வந்ததும் ரெங்கசாமியின் கடைச் சுவர் குறுக்கிட்டது. மீதி வழி சமையற்கட்டுக்குள் போகிறது. தம்புசாமி நின்றுவிட்டார்.

ரெங்கசாமி வாசலை விட்டு ஒதுங்கி நின்றார். "உள்ள வா. நிலா நடுவுல நிக்கக்கூடாது லா. நிக்குமா, டீச்சர்?"

"நிக்காதுண்ணே" என்றேன்.

"அடுத்த வருசம் வியாழனுக்குப் போவம், டீச்சர்" என்றார் கார்த்திகேசு. கரும்பலகையைப் பற்றி அவர் பேசவே இல்லை.

உள்ளே போய் மறுபக்கமாக வெளியே வந்த நிலாவை ரெங்கசாமி மறித்தார். பிடரியில் புரண்ட முடியைத் தடவிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்.

"இன்னிக்கு ஒங்கடையில கூட்டமா?"