மேல்பட்டாம்பாக்கத்தில் சிக்னல் எடுக்காது

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு போன் நம்பர். அதை அழுத்த எனக்குப் பயமாக இருக்கிறது. அழுத்தினால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும், கதையே வேண்டியதில்லை. அதனால்தான் கதை எழுதுகிறேன்.

இன்று வியாழக்கிழமை. நாளை மதியம் இரண்டரை மணிக்கு, சிதம்பரத்தில் இருக்கும் ஒரு சின்ன எஃப்.எம். நிலையத்தில் என் அம்மா பவானியின் நினைவாக ஒரு நேரலை. அம்மா அங்கே பதினோரு வருடம் அறிவிப்பாளர். அதே ஊரில் தனியாக இருந்தவள், போன மாதம் இறந்துபோனாள். நான் ஒரே மகன், இளவரசு. குடியிருப்பது கடலூரில். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். நாளை அம்மாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘தேனில் நனைத்த குரல் என் அம்மாவுக்கு...’ (வேண்டாம். அம்மாவுக்குச் சளிக் குரல்.)

‘ஆயிரக்கணக்கான நேயர்களின் மதிய வேளையை...’ (நூறு பேர் கேட்டிருந்தால் ஜாஸ்தி.)

‘அம்மாவின் நிகழ்ச்சியை ஒரு நாளும் விடாமல் நான்...’ (பச்சைப் பொய். ஒரு நாளும் கேட்டதில்லை.)

நாளைக்கு மூன்றாவதைத்தான் சொல்லித் தொலைப்பேன் என்று நினைக்கிறேன்.

2

நிகழ்ச்சியின் பெயர் ‘உங்க கடுதாசி வந்துச்சு’. நேயர்கள் கடிதம் எழுதவேண்டும். அம்மா அதை வாசித்துவிட்டு, அவர்கள் கேட்ட பாட்டைப் போடுவாள். வாட்ஸ்அப் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று கேட்பீர்கள். ஒருத்தி எழுதினாள். மேல்பட்டாம்பாக்கம் ரத்தினம்மாள், ஒன்பது வருடம், மாதம் தவறாமல்.

திங்கட்கிழமை நிலையத்தின் பொறுப்பாளர் ஸ்ரீதர் கூப்பிட்டார்.

“சார், வெள்ளிக்கிழம ரத்தினம்மாவ லைன்ல எடுத்துடலாம். மேடத்தோட மொத ரசிகையாச்சே. எங்ககிட்ட நம்பர் இல்ல, மேடம் போன்ல இருக்கும். பாத்துக் குடுங்க.”

“பாக்குறேன் சார்.”

“பாக்குறேன்னா எப்படி சார்? அவுங்க பேசுறாங்கன்னு ரெண்டு நாளா ரேடியோல சொல்லிக்கிட்டு இருக்கோம்.”

அம்மாவின் போனில் பார்த்தேன். ‘ரத்தினம்மா’ என்று ஒரு நம்பர் இருந்தது. அதோடு நிம்மதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, ஏனென்றால் எனக்கு இன்னொரு விஷயம் தெரியும்.

அந்த நிலையத்தின் ஒலி புவனகிரியைத் தாண்டாது. கடலூர் ரோட்டில் முட்லூர் வந்தாலே இரைச்சல்தான். மேல்பட்டாம்பாக்கம் இருப்பதோ நெல்லிக்குப்பத்துப் பக்கம், நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. காதில் விழவே விழாத நிகழ்ச்சிக்கு அந்தப் பெண் எப்படிக் கடிதம் எழுதினாள்?*

* இப்போது ஆப்பில் கேட்கலாம். ஆனால் ஆப் வந்தே நாலு வருடம்தான் ஆகிறது. என் போனில் அதை ஏற்றிக் கொடுத்ததே அம்மாதான். “இனிமே சிக்னல் இல்லன்னு சாக்கு சொல்ல முடியாதுடா,” என்றாள். நான் அதைத் திறக்கவில்லை.

3

அம்மாவின் பீரோவில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. ரத்தினம்மாளின் கடிதங்கள், எல்லாமே அம்மாவின் கையெழுத்தில்.

அம்மா ரத்தினம்மாளைக் கற்பனை செய்திருக்கிறாள் என்று இந்த இடத்தில் நான் எழுதவேண்டும். கை வரவில்லை. பதினோரு வருடம் ஊருக்கு முன்னால் பேசியவள், கடைசியில் நேயரையும் தானே செய்துகொண்டாள் என்று நாளைக்கு நாலு பேர் சிரிப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாளா என் அம்மா?

3 (மறுபடியும்)

அவசரப்பட வேண்டாம். அம்மாவுக்குக் கண்புரை இருந்தது. பிறர் கையெழுத்தை மைக் முன்னால் தடுமாறாமல் வாசிக்க முடியாது என்று பெரிய எழுத்தில் பார்த்து எழுதி வைத்திருக்கலாம். ரத்தினம்மாளுக்குச் சிதம்பரத்தில் ஒரு தங்கை இருக்கலாம், அங்கே வந்தபோது நிகழ்ச்சியைக் கேட்டிருக்கலாம். (தங்கைக்குத் தில்லையம்மாள் என்று பெயர்கூட வைத்துவிட்டேன். என்னை நிறுத்துங்கள்.)

ஆனால் நோட்டில் அடித்தல் இருக்கிறது. ஒரு கடிதத்தில் ‘எனக்கு ரெண்டு பசங்க’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘ஒரே மவன்’ என்று எழுதியிருக்கிறாள். பார்த்து எழுதுகிறவளுக்கு ஒரு பிள்ளை எப்படிக் குறையும்?

அந்தக் கடிதத்தை அப்படியே தருகிறேன்:

‘பவானிம்மாவுக்கு. எம் மவன் கெட்டவன் இல்லீங்க. தெனம் போன் போடுவான். சாப்ட்டியான்னு கேப்பான். என்னா சாப்ட்டேன்னு நான் சொல்றதுக்குள்ள, சரி வச்சிர்றேன்னு வச்சிருவான். ஒரு நாளைக்கு, சாப்புடலன்னு சொல்லிப் பாக்கணும்னு ஆச. அவனுக்கு ஒரு பாட்டுப் போடுங்க. எந்தப் பாட்டுன்னாலும் சரி.’

நான் தினமும் அம்மாவுக்குப் போன் செய்வேன். ‘சாப்ட்டியா’ என்று கேட்பேன். அதற்குப் பிறகு

(இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன்.)

இந்த மாவட்டத்தில் எந்த மகன்தான் அப்படிக் கேட்டுவிட்டு வைப்பதில்லை? ரத்தினம்மாளின் மகனும் அப்படி ஒருவனாக இருக்கக்கூடாதா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கோழிக்குழம்பு வைத்தாளா, ரசத்தோடு முடித்துக்கொண்டாளா, எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. இட்லி.

அந்தக் கடிதத்தை வாசித்த அன்றைக்கு அம்மா என்ன பாட்டுப் போட்டாள் என்று ஸ்ரீதரிடம் கேட்டேன். பழைய ஒலிப்பதிவு எதையும் வைத்துக்கொள்வதில்லையாம்.

4

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நிகழ்ச்சி தொடங்கி இரண்டு வருடத்தில் கடிதங்கள் நின்றுபோயின. அப்போது நிலையத்தின் பொறுப்பாளராக இருந்தவர், இப்படியே போனால் அந்த அரைமணி நேரத்தைக் காய்கறி விலை சொல்லும் நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அம்மா எனக்குப் போன் செய்தாள்.

“ஒரு கடுதாசிகூட வரலடா. வெறுங்கையோட போயி ஒக்காந்தா அசிங்கமா இருக்கு.”

நான் கம்பெனியில் லாரிச் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தேன். “நீயே எழுதி நீயே படிச்சிக்கோம்மா. யாரு வந்து பாக்கப் போறா?” என்றேன். “சரி வச்சிர்றேன்.”

அடுத்த மாதம் ரத்தினம்மாளின் முதல் கடிதம் வந்தது.

ஆக, அவள் கற்பனையென்றால் அந்தப் பாத்திரத்துக்கு விதை போட்டவன் நான். வாழ்நாளில் என் சொல்லைக் கேட்டு ஒருவர் எழுதியது அது ஒன்றுதான்.

5

முடிவுகள்.

முதலாவது: நம்பரை அழுத்துகிறேன். ஒரு வயதான குரல், “ரத்தினம்மாதான் பேசுறேன், யாரு?” என்கிறது. அம்மாவின் மானம் தப்பியது. நேரலை நன்றாக நடக்கிறது. பஸ்ஸில் திரும்பி வருகிறேன்.

எழுதி முடித்ததும் நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அப்படியென்றால் அந்தக் கடிதம் எங்கோ இருக்கும் எவனுக்கோ எழுதப்பட்டது. அந்தப் பாட்டு அவனுக்கு. எனக்குச் சொல்ல அம்மாவிடம் ஒன்றுமே இருக்கவில்லை.

இரண்டாவது: அது அம்மாவுக்குப் பால் ஊற்றும் வேறொரு ரத்தினம்மாவின் நம்பர். மேல்பட்டாம்பாக்கத்தில் அப்படி யாரும் இல்லை. ஸ்ரீதர் சங்கடப்படுகிறார், செய்தி பரவுகிறது, அம்மா பொய்க்காரி ஆகிறாள். ஆனால் அந்தப் பாட்டு எனக்கு.

மூன்றாவது முடிவு: நாளைக்கு எனக்குக் காய்ச்சல்.

6

மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மனைவி சத்யப்பிரியா தோளுக்கு மேலே நின்று படித்துவிட்டாள்.

“ஏங்க, கத எழுதுன நேரத்துக்கு நாலு தடவ போன் போட்டிருக்கலாம்.”

“இரு. இன்னும் முடிவு வரல.”

“எப்படி வரும்? அத்தை போனு எங்க?”

“சத்யா, வேணாம்.”

“நாளைக்கு அத்தன பேரு கேக்கறப்ப தெரியிறதுக்கு, இப்ப வீட்டுலயே தெரிஞ்சுக்குங்க. யாரா இருந்தா என்னா? அத்தைய பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லுவாங்க.”

அவளுக்குப் புரியவில்லை. எனக்கே இப்போதுதான் புரிகிறது. திங்கட்கிழமையிலிருந்து அம்மா பொய் சொல்லியிருக்கக்கூடாது என்று தவித்தேன் அல்லவா? அது இல்லை. அம்மா பொய் சொல்லியிருக்க வேண்டும். ரத்தினம்மாள் என்று உலகத்தில் யாரும் இருக்கக்கூடாது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

சத்யப்பிரியா அழுத்திவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, “ரிங் போவுது,” என்கிறாள்.

போகிறது. நான் பேனாவை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன், போனைக் கையில் எடுக்காமல் இருப்பதற்காக. நாலாவது ரிங். என்னால் முடியாது. இந்தாருங்கள், நீங்கள் பேசுங்கள். அந்தப் பக்கம் யார் எடுத்தாலும் சரி, சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, என்ன சாப்பிட்டார்கள் என்று அவர்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும் மட்டும் வைத்துவிடாதீர்கள்.