ஜன்னலுக்கு மிஞ்சிய பதினாலு நாள்

வஜீஹா ஜரிகைப் பூவேலை செய்பவள். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்சந்தில் இருந்த அவள் வீட்டில், ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் தந்தது கிழக்கு ஜன்னல் ஒன்றுதான். அது பக்கத்து வீட்டுப் பத்ரிநாராயணனின் தோட்டத்தைப் பார்த்திருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் சுவரை உடைத்து வைத்த ஜன்னல் என்று அவர் கோர்ட்டில் சத்தியம் செய்தார். இருபது வருஷமாவது இருந்தால்தான் வெளிச்சத்துக்கு உரிமை. ஜன்னலை அடைக்கச் சொல்லி 1944 ஜூலை மூன்றாம் தேதி தீர்ப்பாயிற்று. அப்பீலுக்குக் கெடு முப்பது நாள்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலை, பத்ரிநாராயணன் லட்டுத் தட்டோடு வந்தார். வஜீஹாவின் வக்கீல் குமாஸ்தா பொன்ராஜ் அப்பீல் மனுவில் கையெழுத்து வாங்க வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் மனுவைத் துணிக்கடியில் தள்ளினாள்.

“நேத்தோட கெடு முடிஞ்சுடுத்து. இனிமே நமக்குள்ள என்ன விரோதம்? எடுத்துக்கோ.”

வஜீஹா ஒரு லட்டை எடுத்தாள். “போவட்டும் சாமி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஜன்னலு மெய்யாலுமே புதுசா?”

“இனிமே சொன்னா என்ன? எங்கப்பா காலத்து ஜன்னல். பத்து வயசுல பந்தடிச்சு அதோட கதவை ஒடைச்சு உதை வாங்கிண்டிருக்கேன்.” அவருக்கு அப்போது ஐம்பது நெருங்கியிருந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பொன்ராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். “சார், தீர்ப்பு சொன்ன நாளை எண்ணக் கூடாது. தீர்ப்பு நகல் கேட்டு ஜூலை அஞ்சாந்தேதி மனு போட்டோம். பத்தொம்பதாந்தேதிதான் குடுத்தாங்கோ. அந்தப் பதினஞ்சு நாளும் கெடுவுல சேராது. இந்த மாசம் பதினேழு வரைக்கும் டைம் கீது.”

பத்ரிநாராயணன் விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பதினேழுதான் வந்தது.

“இதை முன்னாடியே சொல்லப்படாதோ?”

“நீ எங்க கேட்டே சாமி, நான் சொல்ல?” என்றாள் வஜீஹா. சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளே அப்பீல் தாக்கலாயிற்று. தன் காதால் கேட்டதைக் கூண்டேறிச் சொல்வதாகப் பொன்ராஜ் சொல்லியனுப்பினார். பத்து நாளில் எதிர்த்தரப்பு வக்கீல் சமாதானத்துக்கு வந்தார். ஜன்னல் இருக்கலாம், திரை மட்டும் போட வேண்டும் என்று ராஜி எழுதிக் கையெழுத்தாயிற்று.

வஜீஹா தயங்காமல் சம்மதித்தாள். சல்லடை போல் மெல்லிய மல் துணியாகப் பார்த்து வாங்கினாள்.